தளம் மாறும் கணினிகள்: தென்காசி வட்டாரத்துக்குப் பயன்படும் கட்டற்ற மென்பொருள்கள்

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. வீட்டுக் கணினியைப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11-க்கு ஏறலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது. இன்டெல் கணினியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத புராசஸரையும் கேட்கிறது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-இன் பிற்பகுதியில்தான். அதற்கு முன் வாங்கிய கணினி எவ்வளவு நன்றாக ஓடினாலும் புதிய விண்டோஸை முறைப்படி ஏற்றுக்கொள்ளாது.

தென்காசி, குற்றாலம், செங்கோட்டை, கடையநல்லூர் பக்கத்தில் இது சின்ன விஷயமில்லை. ஜெராக்ஸ் கடை, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர், சாரல் காலத்தில் மட்டும் நிரம்பும் லாட்ஜ், புளியங்குடி எலுமிச்சை வியாபாரியின் கணக்கு மேசை, அரசு கொடுத்த லேப்டாப்பில் பிள்ளைகள் படித்து முடித்த வீடு என்று எங்கும் பழைய கணினிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் ஐந்தாறு வருட உழைப்பு மிச்சமிருக்கிறது. தூக்கிப் போடாமல் காப்பாற்ற நடைமுறையில் இருக்கும் வழி, லினக்ஸ் என்ற இயங்குதளம். லினக்ஸை நிறுவுவது அரை மணி நேர வேலை. அதன்பிறகு எழும் கேள்விதான் பலரையும் பழைய இடத்துக்கே திருப்பி அனுப்புகிறது: இதுவரை செய்துவந்த வேலையை இனி எதில் செய்வது?

மாறுவோர் பெரும்பாலும் வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொள்கிறார்கள். முதல் நாளே விண்டோஸை அழித்துவிட்டு, மறுநாள் காலையில் வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது மென்பொருள் தேடுகிறார்கள். லினக்ஸில் அன்றாடம் பயன்படும் மென்பொருள்களில் பெரும்பாலானவை விண்டோஸிலும் அப்படியே ஓடுபவை. லிப்ரெஆபிஸ், ஃபயர்ஃபாக்ஸ், கிம்ப், இன்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், விஎல்சி எல்லாவற்றையும் இப்போதிருக்கும் கணினியிலேயே நிறுவி, இரண்டு மூன்று மாதம் கை பழகலாம். மென்பொருள் முதலில் மாற வேண்டும். தளம் கடைசியில் மாற வேண்டும். இந்த ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்தவருக்கு மாற்றத்தின் பாதிச் சிரமம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஏற்கெனவே வீட்டுக்கு வந்த லினக்ஸ்

இந்த மாவட்டத்துக்கு லினக்ஸ் புதிதில்லை. தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதன் பல தவணைகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய லினக்ஸ். டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட அதன் முதல் வெளியீடு 2007-இல் வந்தது. அதே காலத்தில் எல்காட் என்ற தமிழக அரசு நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்த சி.உமாசங்கர், அந்த அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி நிறுத்தப்பட்டபோதும், பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி தமிழக அரசு தன் துறைகளுக்கு ஆலோசனை சொன்னது.

ஆனாலும் வீட்டுக்கு வந்த பாஸ் பெரும்பாலும் திறக்கப்படாமலே கிடந்தது. கணினியைத் தொடங்கும்போது இரண்டு பெயர்கள் வரும். பிள்ளைகள் தெரிந்த பெயரை அழுத்துவார்கள். எந்த வேலைக்கு எந்த மென்பொருள் என்று சொல்லித்தர ஆளில்லாமல் தளத்தை மட்டும் கையில் கொடுத்தால் நடப்பது இதுதான்.

மலைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கேரளத்தின் கொல்லம் மாவட்டம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த ஊர்தான். 2001 ஜூலையில் ரிச்சர்ட் ஸ்டால்மன் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் கேரள அரசின் ஐடி@ஸ்கூல் திட்டமும் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளின் கணினிப் பாடம், ஆசிரியர் பயிற்சி, பத்தாம் வகுப்பு செய்முறைத் தேர்வு எல்லாமே லினக்ஸில் நடக்கத் தொடங்கின. அத்திட்டம் இன்று கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்திருக்கிறது. பள்ளிக்குத் தேவையான மென்பொருள்களை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துச் சேர்த்த தனி லினக்ஸை அது வெளியிடுகிறது. 2019-இல் வந்த பதிப்பு 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்காகத் தயாரானது.

இரண்டு மாநிலங்களுக்கும் கிடைத்த தொழில்நுட்பம் ஒன்றுதான். கேரளம் ஆசிரியருக்கு முதலில் மென்பொருளைப் பழக்கியது. பாடப்புத்தகத்தில் அந்த மென்பொருளின் பெயரையே அச்சிட்டது. அதனால் ஆரியங்காவுப் பள்ளிப் பிள்ளைக்கு வரைகலை என்றால் கிம்ப் என்று தெரியும். புளியரைப் பள்ளிப் பிள்ளைக்கும் அது தெரிந்திருக்க வேண்டியதுதான்.

மென்பொருள் எங்கிருந்து வருகிறது

விண்டோஸில் ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் கூகுளில் தேடி, முதலில் கண்ணில் பட்ட தளத்தில் 'ஃப்ரீ டவுன்லோடு' என்ற பொத்தானை அழுத்துவது வழக்கம். வைரஸும் விளம்பர மென்பொருளும் கணினிக்குள் நுழையும் முக்கிய வழிகளில் அதுவும் ஒன்று. லினக்ஸில் இந்தப் பழக்கத்தையே விட்டுவிட வேண்டும். அங்கே மென்பொருள்கள் களஞ்சியம் என்ற பொது இடத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும். அந்தந்த லினக்ஸை வெளியிடுவோர் அவற்றைத் தொகுத்து, கையொப்பமிட்டு வைப்பார்கள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இன் களஞ்சியத்தில் 69,000-க்கும் மேற்பட்ட மென்பொருள் பொதிகள் உள்ளன. செல்போனில் பிளே ஸ்டோரைத் திறப்பதுபோல மென்பொருள் மேலாளரைத் திறந்து, தேடி, நிறுவு என்று அழுத்தினால் போதும். புதுப்பிப்பும் அங்கிருந்தே எல்லாவற்றுக்கும் ஒன்றாக வந்துவிடும்.

தேடும்போது பழைய பிராண்டின் பெயரைத் தட்டினால் சில நேரம் ஒன்றும் வராது. வேலையைத் தட்ட வேண்டும். பிடிஎஃப் பக்கங்களைப் பிரிக்க வேண்டுமா, படத்தின் பின்னணியை வெட்ட வேண்டுமா, ஸ்கேன் செய்ய வேண்டுமா என்று ஆங்கிலத்தில் இரண்டு சொல் கொடுத்தால் பட்டியல் வரும். வந்ததில் எதை எடுப்பது என்பதற்கு இரண்டு அடையாளங்களைப் பார்க்கலாம்: கடைசியாகப் புதுப்பித்த தேதி, எந்த உரிமத்தில் வெளியானது என்ற தகவல். ஐந்தாறு வருடமாகத் தொடப்படாத மென்பொருளை நம்பித் தொழில் நடத்தக் கூடாது.

உரிமத்தைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காசில்லாமல் கிடைப்பதெல்லாம் ஒரே வகையில்லை. சில ஆபிஸ் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கும், விளம்பரம் காட்டும், பிறகு ஒருநாள் சந்தா கேட்கும். கட்டற்ற மென்பொருளில் நிரலே பொதுவில் இருப்பதால், யாரும் அதைப் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஓர் அமைப்பு கைவிட்டாலும் இன்னொருவர் எடுத்து நடத்தலாம். ஓபன்ஆபிஸின் போக்கு பிடிக்காத நிரலாளர்கள் 2010 செப்டம்பரில் பிரிந்து லிப்ரெஆபிஸைத் தொடங்கியது அப்படித்தான். கடைக்காரருக்கு இதில் உள்ள நேரடி லாபம், ஒரே பென்டிரைவை வைத்துக் கடையின் எல்லாக் கணினிகளிலும் எந்தத் தயக்கமும் இல்லாமல் நிறுவலாம் என்பது.

தமிழ் தட்டுவது

வேறெதற்கும் முன்னால் தமிழ் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டிப் பிறந்த தமிழ்99 விசைப்பலகை, இன்றைய லினக்ஸ் எல்லாவற்றிலும் கிடைக்கிறது. அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்தால் போதும். தமிழ்99, ஆங்கில எழுத்தில் தட்டும் ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப் பொறி முறை மூன்றும் வேண்டுமென்றால் ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரலையும், எம்17என் என்ற பொதியையும் நிறுவிக்கொள்ள வேண்டும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள் கையில் ஊறிய அமைப்பை விட்டுவரத் தேவையில்லை. விண்டோஸில் என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை என்று பழகியவர்களுக்கும் இரண்டு நாளில் கை வந்துவிடும்.

எழுத்துருக்களில் ஒரு கவனம் தேவை. விண்டோஸின் லதாவும் நிர்மலாவும் லினக்ஸில் இருக்காது. அங்கிருந்து வரும் வேர்ட் கோப்பு இங்கே நோட்டோ, லோகித் போன்ற எழுத்துருவில் திறக்கும். எழுத்தின் அகலம் மாறுவதால் ஒரு பக்கக் கடிதம் இரண்டாம் பக்கத்தில் இரண்டு வரி வழியும். கோப்பு கெட்டுவிட்டதாகப் பதற வேண்டாம். எழுத்துருவை மாற்றினால் சரியாகிவிடும். அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தால் வேர்டாக அனுப்பாமல் பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புவதே நல்லது. கட்டற்ற தமிழ் எழுத்துருக்களுக்கு இன்று பஞ்சமில்லை. முக்த மலர், பாலூ தம்பி, கட்டமரான், ஹிந்த் மதுரை எல்லாம் விலையில்லாமல் கிடைப்பவை. மீரா இனிமை என்ற அழகான உரை எழுத்துருவை உருவாக்கித் தந்ததே மலைக்கு அந்தப் பக்கத்து சுதந்திர மலையாளக் கணிமைக் குழுதான். தமிழ் இணையக் கல்விக்கழகமும் ஒருங்குறி எழுத்துருக்களை வழங்குகிறது.

டிடிபி மேசையின் நிஜச் சிக்கல்

மாற்றத்தில் மிகக் கடினமான இடம் டிடிபி. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7 இன்னும் பல கடைகளில் ஓடுகிறது. அதற்கு ஒருங்குறி தெரியாது. அதனால் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் பத்திரிகையும் நோட்டீஸும் தயாராகின்றன. இந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடங்களில் தமிழ் உருவங்களை உட்கார வைத்தவை. பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் கணினிக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகள். ஜே தகரமாகவும், கே மகரமாகவும், பி இகரக் கொக்கியாகவும், ஓ ழகரமாகவும், அரைப்புள்ளி மேற்புள்ளியாகவும் தெரிவது அந்த எழுத்துரு இருக்கும்வரைதான். அது இல்லாத கணினியில் திறந்தால் மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலக் குப்பை தெரியும்.

லினக்ஸில் இதற்கு வழி இருக்கிறது; ஆனால் பொறுமை வேண்டும். பேஜ்மேக்கர் கோப்பைப் படிக்கும் வசதி 2015-இல் வந்த லிப்ரெஆபிஸ் 4.4 முதலே அதன் டிரா பகுதியில் இருக்கிறது. கோரல்டிரா கோப்பையும் அது திறக்கும். இரண்டிலும் வடிவமைப்பு முழுமையாக வரும் என்று நம்பக் கூடாது. உள்ளே இருக்கும் வாசகத்தை மீட்பதற்குத்தான் அது பயன்படும். மீட்ட வாசகத்தை என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியைக் கொண்டு விண்டோஸ் இருக்கும்போதே ஒருங்குறிக்கு மாற்றிவிடலாம். லினக்ஸிலேயே செய்ய விரும்புவோருக்கு முத்து அண்ணாமலை தொடங்கிய ஓபன்-தமிழ் என்ற பைத்தான் நிரல் தொகுப்பு இருக்கிறது. 2010-இல் தமிழக அரசே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்ட பிறகு, அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வேலை செய்யும் கடை பழைய குறியீட்டில் தங்கியிருப்பதில் பொருளில்லை.

புதிய வேலையின் பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ். இதில் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு உண்டு. நெடுங்காலம் ஸ்கிரைபஸில் தமிழ் சரியாக வராது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஓமன் நாட்டு நிரலாளர் குழு ஒன்று அரபி எழுத்துக்காக அதன் எழுத்துக்கோப்பு முறையைத் திருத்தி எழுதியது. 2017-இல் வந்த 1.5.3 பதிப்பில் அந்தத் திருத்தம் சேர்ந்தது. அரபிக்காகச் செய்த வேலை தமிழின் கொம்பையும் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தது. நிலையான பதிப்பாக 1.6, 2024 ஜனவரியில் வெளியானது. ஆகவே 1.4 பதிப்பைப் பயன்படுத்திவிட்டு, இதில் தமிழ் வராது என்று ஒதுக்கியவர்கள் மறுபடி பார்க்க வேண்டும்.

சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பும் வேலைக்கு நான்கு வண்ணப் பிரிப்பு அவசியம். ஸ்கிரைபஸ் அச்சுத் தரப் பிடிஎஃப்பை அதற்கேற்றபடியே தரும். படத் திருத்தத்துக்கான கிம்ப் இந்த இடத்தில் நெடுநாள் பின்தங்கியிருந்தது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் நிலைமை மேம்பட்டிருக்கிறது. ஃபோட்டோஷாப் கோப்புகளைக் கிம்ப் திறக்கும். ஆனால் சில அடுக்கு விளைவுகள் அப்படியே வராது. லோகோ, போர்டு, பேனர் வரைய இன்க்ஸ்கேப் போதும். கோரல்டிராவில் கை தேர்ந்தவருக்கு அதன் குறுக்குவிசைகள் பழக ஒரு மாதம் பிடிக்கும்.

அன்றாடம் காசு வரும் சின்ன வேலை ஒன்றைப் பார்க்கலாம். பாஸ்போர்ட் சைஸ் படம் 35 மில்லிமீட்டர் அகலம், 45 மில்லிமீட்டர் உயரம். அதைக் கிம்ப்பில் அந்த அளவுக்கு வெட்டிச் சேமிக்க வேண்டும். ஸ்கிரைபஸில் 152-க்கு 102 மில்லிமீட்டர் என்று படுக்கைவாட்டுப் பக்கம் ஒன்றைத் திறந்தால் அது நான்குக்கு ஆறு அங்குலத் தாள். படத்தை இடது மேல் மூலையில் வைத்து, பலமுறை நகலெடு என்ற கட்டளையில் இரண்டு வரிசை, நான்கு பத்தி, இடைவெளி 2 மில்லிமீட்டர் என்று கொடுத்தால் எட்டுப் படங்களும் வரிசையாக வந்து உட்காரும். இந்தப் பக்கத்தை வார்ப்புருவாகச் சேமித்துவிட்டால், அடுத்த வாடிக்கையாளருக்குப் படத்தை மட்டும் மாற்றினால் போதும்.

கணக்கும் கருவிகளும்

டாலியின் லினக்ஸ் பதிப்பு கிடையாது. ஆடிட்டர் டாலி கோப்புதான் வேண்டும் என்று கேட்கும்வரை மண்டிக்காரரும் நகைக்கடைக்காரரும் ஒரு விண்டோஸ் கணினியை வைத்திருப்பதே நல்லது. சொந்தக் கணக்கை மட்டும் பார்க்கும் சிறு கடைக்கு நூகேஷ் என்ற கட்டற்ற மென்பொருள் உண்டு. ஜிஎஸ்டியோடு முழு வணிகத்தையும் நடத்த மும்பை நிறுவனம் உருவாக்கிய இஆர்பிநெக்ஸ்ட் இருக்கிறது. அதை நிறுவத் தெரிந்த ஆள் ஒருவர் துணைக்கு வேண்டும். லாட்ஜின் அறைக் கணக்கு, சீசன் கடையின் சரக்குக் கணக்கு ஆகியவற்றுக்கு லிப்ரெஆபிஸ் கால்க் தாராளம். எக்செல்லில் மேக்ரோ எழுதி வைத்திருப்பவர்கள் மட்டும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

இ-சேவை மையம், வங்கி முகவர் வேலை செய்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். கைரேகைக் கருவியும், டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி டோக்கனும் அவற்றுக்கான நிரல் இருந்தால்தான் இயங்கும். கையில் இருக்கும் மாடலுக்கு லினக்ஸ் நிரல் உண்டா என்று தயாரிப்பாளர் தளத்தில் உறுதி செய்யாமல் அந்தக் கணினியைத் தொடக் கூடாது. தனி உரிமையாளர் ஜிஎஸ்டி தாக்கலை ஓடிபி வழியாகவே முடிக்கலாம் என்பதால், அவருக்கு டோக்கன் பிரச்சினை இல்லை. கம்பெனிகளுக்கு அது கட்டாயம்.

பிரிண்டரிலும் இதே கதைதான். எச்பி பிரிண்டர்களுக்கு அந்த நிறுவனமே எச்பிலிப் என்ற கட்டற்ற நிரலை வெளியிடுகிறது. எப்சனின் டேங்க் பிரிண்டர்களும் பெரும்பாலும் தொல்லை தருவதில்லை. கடைகளில் எங்கும் காணப்படும் கேனான் எல்பிபி 2900 மட்டும் பிடிவாதக்காரன். கேப்ட் என்ற கேனானின் சொந்த முறையில் இயங்குவதால், லினக்ஸில் அதைப் பொருத்த மெனக்கெட வேண்டும். அந்த பிரிண்டரை நம்பியிருக்கும் கடை, முதலில் அதைச் சோதித்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

பள்ளி, வீடு, உலாவி

பள்ளிக்கும் வீட்டுக்கும் தடையே இல்லை. விஎல்சியில் எந்தப் படமும் ஓடும். கேடென்லைவில் வீடியோ வெட்டலாம், ஆடாசிட்டியில் குரல் பதியலாம், ஸ்டெல்லேரியத்தில் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டலாம், டக்ஸ் பெயின்டில் சின்னவர்கள் வரையலாம். பழைய பத்திரத்தையோ புத்தகத்தையோ ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்ற டெசராக்ட் என்ற மென்பொருளின் தமிழ்ப் பொதி உதவும். அச்செழுத்து தெளிவாக இருந்தால் பிழை குறைவு, கையெழுத்தைப் படிக்காது. பார்வையற்றோருக்குத் திரையை வாசித்துச் சொல்லும் ஓர்கா பல லினக்ஸ்களில் உடனிருக்கிறது. இ-ஸ்பீக் நிரல் வழியாகத் தமிழையும் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமாகத்தான் இருக்கும்.

உலாவிக்குள் ஓடும் மென்பொருளுக்குத் தளம் எதுவாக இருந்தாலும் கவலையில்லை. அதற்கு உலகறிந்த உதாரணம் தென்காசிக்குப் பக்கத்திலேயே, மத்தளம்பாறையில் இருக்கிறது. 2011-இல் அங்கே சோஹோ அலுவலகம் தொடங்கியது. வாடிக்கையாளர் சேவைக்கான சோஹோ டெஸ்க் அங்கே உருவான மென்பொருள். நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-இல் தென்காசிப் பக்கமே குடியேறினார். சோஹோவின் எழுது மென்பொருள், விரிதாள், கணக்கு மென்பொருள் எல்லாம் லினக்ஸில் உலாவி வழியே அப்படியே இயங்கும்; சிலவற்றுக்கு இலவசத் திட்டமும் உண்டு. ஆனால் அவை கட்டற்ற மென்பொருள்கள் அல்ல. நிரல் நிறுவனத்திடமும், தரவு அதன் சேவையகத்திலும் இருக்கும். சாரல் காலத்தில் கரண்டும் நெட்டும் சேர்ந்து போகும் ஊரில், முக்கியக் கோப்பின் ஒரு நகல் சொந்த வட்டிலும் இருக்க வேண்டும்.

நிறுவுவதற்கு முன் ஒரு மாலை

லினக்ஸை நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸ் மிண்ட் போன்ற ஒன்றை ரூஃபஸ் நிரலால் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்கினால், ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்காமல் முழுத் திரையும் வந்துவிடும். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் எழுகிறதா, பிரிண்டர் தெரிகிறதா, தமிழ் தட்ட முடிகிறதா என்று ஒரு மாலை நேரத்தில் பார்த்துவிடலாம். சில பழைய வைஃபை சிப்புகளுக்குத் தனி நிரல் வேண்டியிருக்கும். அதை இறக்க நெட் வேண்டும். நெட்டுக்கு வைஃபை வேண்டும். அப்போது செல்போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து டெதரிங் போட்டால் பெரும்பாலும் வழி திறந்துவிடும்.

மிண்ட் 22 வரிசைக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2029 வரை வரும். 4 ஜிபி ரேம் இருந்தால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு ஓடும். 2 ஜிபி ரேமோடு வந்த முதல் தவணை அரசு லேப்டாப்களில் லினக்ஸ் ஏறினாலும், இன்றைய உலாவிதான் மூச்சுத் திணறும். ரேமைக் கூட்டி, பழைய வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போட்ட பிறகே அதில் கை வைப்பது புத்திசாலித்தனம். முதல் சில மாதங்களுக்கு விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டையும் ஓட்டலாம். எதைச் செய்வதற்கு முன்னும் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுத்து, அந்த நகலை வேறொரு கணினியில் திறந்து பார்த்துவிட வேண்டும்.

கற்றுக்கொள்ளத் தமிழிலேயே வழி இருக்கிறது. மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் லிப்ரெஆபிஸ், கிம்ப், இன்க்ஸ்கேப் முதலியவற்றுக்குப் பத்து நிமிட அளவிலான பாடங்களைத் தமிழ்க் குரலோடு இலவசமாகத் தருகிறது. திரையில் பாடம் நடத்துபவர் செய்வதைப் பார்த்தபடியே பக்கத்தில் செய்து பழகலாம். 2012 ஜனவரியில் த.சீனிவாசன் முயற்சியில் தொடங்கிய கணியம், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதிவருகிறது. அதன் 'எளிய தமிழில்' வரிசை நூல்களும் விலையில்லாமல் கிடைக்கின்றன. குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரி போன்ற இடங்களில் கணினி படிக்கும் மாணவிகள் இந்தப் பாடங்களைக் கொண்டு ஊர்க் கடைகளுக்குப் பயிற்சி கொடுத்தால், வட்டாரத்துக்குத் தேவையான உதவி இங்கேயே கிடைத்துவிடும்.

ஓமன் குழு செய்தது அரபிக்கு. தமிழுக்கு வேண்டியதைத் தமிழர்தான் கேட்க வேண்டும். ஸ்கிரைபஸில் ஓர் எழுத்து பிசகினாலோ, லிப்ரெஆபிஸில் பழைய பத்திரிகைக் கோப்பு திறக்காமல் அடம்பிடித்தாலோ, அதை முதலில் காண்பவர் டிடிபி மேசையில் உட்கார்ந்திருப்பவர். அந்தத் திரையைப் படம் பிடித்து, கோப்பின் மாதிரியோடு, மென்பொருளின் பிழைப் பதிவேட்டில் இடுங்கள். ஆங்கிலம் தடையென்றால் கணியம் நண்பர்களிடம் தமிழிலேயே சொல்லுங்கள்.